எர்த்

நீடில்ஸ் ஊரில் ஜூலை.
நிழலிலேயே நூற்றுப் பதினேழு டிகிரி.
கார்க் கதவின் கைப்பிடியைத்
துணி சுற்றித்தான் தொட முடியும்.

சூடு ஏறினால் எனக்கு உலகம் இரண்டாகிவிடும்.
இரண்டு தபால்பெட்டி, இரண்டு லைல்.
"தண்ணி வேணுமா" என்று
இருவரும் ஒரே வாயால் கேட்பார்கள்.

நரம்புகளின் மேலே இருக்குமே, அது, அந்த,
என்று டாக்டர் சொல்லைத் தேடினார்.
இன்சுலேஷன், என்று எடுத்துக்கொடுத்தேன்.
தொலைபேசிக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம்
கம்பி பிரித்தவள் நான்.
உறை போன கம்பி என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் படம் வரைய வேண்டாம்.

டிரக்கில் ஏசி உண்டு. படி உயரம், என் கால் ஏறாது.
காரின் இருக்கை தாழ்வு,
உட்கார்ந்து திரும்பினால் உள்ளே வந்துவிடுவேன்.
அறுபத்திரண்டாம் வருடத்து ஸ்டூடிபேக்கர் லார்க்.
தொழிற்சாலையில் பூசிய அதே பச்சைநீலம்.
இதில் ஓர் ஓட்டை போடமாட்டேன் என்று
மூன்று கோப்பைகளை வைத்துக்கொண்டு சத்தியம் செய்தவன்
ஏப்ரலில் ஒரு நாள்
கதவோரம் சாய்ந்திருந்த என் ஊன்றுகோலையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு டிரில்லை எடுத்தான்.

என்ஜினுக்கும் நம் முழங்காலுக்கும் நடுவே ஒரு தகடு.
அதில் முதல் ஓட்டை விழுந்தபோது
அவன் முகத்தைப் பார்க்காமல்
ரப்பர் வளையத்தை நீட்டினேன்.
விளிம்பு கம்பியை அறுக்காமலிருக்க அது.
வேறெதற்கும் இல்லை.

கார்புரேட்டரை இருட்டில் பிரித்து மாட்டுவான் லைல்.
கம்பி என்றால் கை பின்வாங்கும்.
டாஷ்போர்டுக்கு அடியில் அவன் மல்லாந்து கிடக்க
கழுத்தில் ஈரத்துண்டோடு
வரைபடத்தை மூக்கருகே பிடித்துப் படித்தேன்:
சிவப்பு, பேட்டரிக்கு. நடுவில் முப்பது ஆம்பியர் பிரேக்கர்.
நீலம், தெர்மோஸ்டாட்டில் கிளம்பி
பிரஷர் சுவிட்சைத் தாண்டி கம்ப்ரஸர் கிளச்சுக்கு.
கறுப்பு, எர்த்.
"எங்கே எர்த்?"
கார் உடம்பில் எங்கேயாவது, என்றேன்.

எங்கேயாவது என்றது என் பிழை.

எதிர்வீட்டு ஓர்ஃபா வேலியருகே வந்து
ஒரு டொயோட்டா வாங்கித் தொலைக்கக் கூடாதா என்றாள்.
பதில் சொல்ல நேரமில்லை.
அவன் சாவியைத் திருப்பினான்.
விசிறி முனகியது. நின்றது.
கிளச்சிடமிருந்து சத்தமே இல்லை.

மீட்டரின் ஒரு முனையைக் கறுப்பில் வை,
மறுமுனையை பேட்டரியின் மைனஸில்.
பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டிய முள்
பதினொன்றில் நின்றது.
எனக்கு இரண்டு முள்.
இரண்டும் பதினொன்றில்.
சாட்சிகள் ஒத்துப்போனார்கள்.

பெயின்ட் மேலேயா முடுக்கினாய்?

கீழேயிருந்து வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"சுரண்ட மனசு வரலை."

ஒரு காசு அகலம்தான். யாரும் குனிந்து பார்க்காத மூலை.
அவன் அழகு என்று காத்தது
மின்சாரத்துக்குச் சுவர்.
நான் வற்புறுத்தவில்லை. துண்டை மறுபடி நனைத்துக்கொண்டேன்.
உப்புத்தாள் தகரத்தில் உரசத் தொடங்கியது,
முதலில் தயங்கி,
அப்புறம் கோபமாக.

டொக்.
கிளச் ஒட்டிக்கொண்டது.
என்ஜின் ஒரு மூச்சு தாழ்ந்து
தலையில் மூட்டை ஏறியவன் போலக்
கால் ஊன்றி எழுந்தது.

முதலில் ரப்பர் வாசனை, தூசி.
பிறகு, கண்ணிமையில் குளிர்.
நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்,
ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்.
கண்ணாடிக்கு வெளியே நின்ற இருவரில்
ஒருவன் மற்றவனுக்குள் போனான்.
மிஞ்சியவனின் நகக்கண்ணில் பச்சைநீலத் தூள்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
கீழே ஏதோ சொட்டுகிறது, ஒழுகுகிறது, போச்சு,
என்று சிமென்ட்டில் மண்டியிட்டுவிட்டான்.
காற்றிலிருந்த ஈரம்தான், வெறும் தண்ணீர் என்றேன்.
நம்பவில்லை.
விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.